ஏழா, முப்பத்தெட்டா

செப்டம்பர் 23

மறுபடியும் ஏழு.

எழுதவே எரிச்சலாக இருக்கிறது. ஆனாலும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததை இங்கேயாவது கொட்ட வேண்டும். நான் அளந்துகொண்டிருக்கும் படிகம் நகநுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுதான் இருக்கும். கறுப்பாக மினுங்கும். வெற்றிலைக் கட்டு மாதிரி ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். ஹீலியத்தில் குளிர வைத்தால் மின்சாரம் அதில் தடையே இல்லாமல் ஓடும். காந்தப்புலத்தை ஏற்ற ஏற்ற அந்தக் குணம் செத்துப்போகும். புலம் ஏடுகளுக்குக் குறுக்கே பாய்ந்தால் சீக்கிரம் சாகும். ஏடுகளுக்கு இணையாகப் போனால் பிடிவாதமாகத் தாக்குப்பிடிக்கும். எத்தனை மடங்கு தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி, என் ஆறு வருடம், என் முன்தலை நரை எல்லாமே.

எங்கள் லேபில் இருந்த சீனியர் குமரகுரு இதே படிகத்தில் முப்பத்தெட்டு மடங்கு என்று அளந்து பேப்பர் போட்டார். ஊரெல்லாம் அதை மேற்கோள் காட்டுகிறது. எனக்கு வருவது ஏழு. குமரகுரு இப்போது ஒரு கல்லூரியில் வேலையில் இருக்கிறார். அதைவிட முக்கியம், எங்கள் கைடு கனகசபாபதி சாருக்கு மாப்பிள்ளையாக இருக்கிறார்.

கைடிடம் வரைபடத்தைக் காட்டினேன்.

"நீ சாய்ச்சு ஒட்டியிருப்ப மங்கை. எட்டு டிகிரி சாஞ்சா முப்பத்தெட்டும் ஏழாயிடும், தெரியுமில்ல?"

சொல்லிக்கொண்டே விரலை நாக்கில் தொட்டு அடுத்த தாளைத் திருப்பினார். எச்சில் பட்ட தாளை ஓரமாகப் பிடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். சீ.

செப்டம்பர் 26

படிகத்தைப் பிய்த்து மறுபடி ஒட்டினேன். ஒட்டுகிற வார்னிஷின் நாற்றம் தலைமுடியில் ஏறி, குளித்தும் போகவில்லை. மைக்ராஸ்கோப்பின் அடியில் நாலு தங்கக் கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டும்போது மூச்சுவிட்டால் படிகம் பறந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் கைடு கதவைத் திறந்து, "என்னம்மா, முடிஞ்சுதா?" என்று கேட்பார். ஆறு வருடமாக இதே நேரத்தில், இதே கேள்வி.

விடுதி சாம்பாரில் இன்று முடி. என்னுடையது இல்லை.

செப்டம்பர் 28

ஏழு.

செப்டம்பர் 30

சாய்ந்திருக்கிறது என்ற பேச்சையே இனி கேட்கப் பிடிக்கவில்லை. எங்கள் கருவியில் படிகத்தைக் குளிருக்குள்ளேயே சுற்றலாம். வெளியே ஒரு டயல் இருக்கிறது. அதைத் திருகினால் உள்ளே படிகம் திரும்பும். எப்படிச் சாய்த்து ஒட்டியிருந்தாலும் சரி, அரை அரை டிகிரியாகச் சுற்றிக்கொண்டே வந்தால் ஏதோ ஒரு கோணத்தில் ஏடும் புலமும் இணையாகியே தீரும். அந்த இடத்தில் வரைபடம் கூர்மையாக எழும்பும். எனக்கு எழும்புகிறது. அழகாக, கோபுரம் மாதிரி. அதன் உச்சி ஏழு.

லேபில் என்னோடு இருக்கும் ஃபிர்தௌஸிடம் இதைச் சொன்னேன். அவள் வேறு படிகம், வேறு தலைவலி.

"சரிதான்டி. ஆனா நீ யார்கிட்ட நிரூபிக்கப் போற? அவருக்குத் தெரியாதா சுத்தினா இணையாகும்னு? உனக்கு டிசம்பரோட கெடு முடியுது. அதுக்கப்புறம் நீட்டிப்பும் கெடையாது. பதிவே ரத்தாயிடும். பேசாம கையெழுத்த வாங்கிக்கிட்டு ஓடு."

"பொய்யை எழுதிட்டா?"

"நான் அப்படிச் சொல்லல," என்றாள். அப்படித்தான் சொன்னாள்.

அக்டோபர் 3

கைடின் மகளுக்கு வளைகாப்பு. லேபே போனது. போகாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. போகாமல் இருந்து பார்த்தவரும் இல்லை. நானும் ஃபிர்தௌஸும் கலந்த சாதங்களைப் பரிமாறினோம். எச்சில் இலை எடுத்ததும் நான்தான். யாராவது எடுக்கத்தானே வேண்டும்.

குமரகுருவைத் தனியாகப் பிடித்தேன். சென்ட் வாடை குடலைப் பிடுங்கியது.

"அண்ணா, அந்த முப்பத்தெட்டோட மூல டேட்டா இருக்கா? ஒரு தடவை பாக்கணும்."

"அட மங்கை! நல்ல நாளும் அதுவுமா டேட்டா கேக்குறியே. அது பழைய கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, போயிருச்சு. நீ சரியா ஒட்டிப் பாரு, வரும்." வடை எண்ணெயை ஜன்னல் திரையில் துடைத்துக்கொண்டு போனார். மாமனார் வீட்டுத் திரை.

மகள் பாவம், நல்ல பெண். என் கையைப் பிடித்து, "அக்கா, உங்க தீசிஸ் எப்ப முடியும்? அப்பா உங்களப் பத்தி ரொம்பப் பெருமையாச் சொல்வார்" என்றாள். அவள் கையை உதறவும் முடியவில்லை.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. கிரையோஸ்டாட் என்ற எங்கள் குளிர் கருவிக்குச் சந்தனம், குங்குமம், பொரி, சாமந்தி மாலை. வெற்றிடப் பம்புக்குக்கூட ஒரு பொட்டு. வருடம் முழுவதும் இந்தப் பம்புக்கு எண்ணெய் மாற்ற ஆள் கிடைக்காது. பொட்டு வைக்க மட்டும் வரிசை கட்டி நிற்பார்கள். யாரோ ஒரு புண்ணியவான் சுற்றும் டயலின் பூஜ்யக் கோட்டின் மேலேயே சந்தனத்தை அப்பிவிட்டுப் போயிருக்கிறான். காய்ந்து கெட்டியாகிவிட்டது. பல் துலக்கும் பிரஷ்ஷால் உட்கார்ந்து தேய்த்தேன். பூசணிக்காய் உடைத்த இடத்தில் ஈ மொய்க்கிறது.

அக்டோபர் 14

எதிர்பார்த்தது நடந்தது. கைடு: "பூஜைல டயலை யாராச்சும் திருகியிருப்பாங்க. அதான் கோணம் மாறியிருக்கும்."

"பூஜைக்கு முன்னாடியும் ஏழுதான் சார் வந்துச்சு."

"அப்ப சாய்ச்சு ஒட்டியிருப்ப."

சந்தனம் இல்லாவிட்டால் சாய்வு, சாய்வு இல்லாவிட்டால் சந்தனம். பள்ளிக்கூடப் பிள்ளை சொன்னால் காதைத் திருகலாம். பேராசிரியர் சொன்னால் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வர வேண்டியிருக்கிறது. சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 17

கண்டுபிடித்துவிட்டேன். சந்தோஷமாக இருக்க வேண்டும். சந்தோஷம் இல்லை.

புலத்தை ஏற்றும்போது படிகத்தின் தடை ஒரே அடியாக எழும்பாது. மேடு ஏறுகிற மாதிரி, அடிவாரத்தில் தொடங்கி உச்சிக்குப் போகும். எந்த இடத்தில் 'செத்தது' என்று வைப்பது? சிலர் அடிவாரத்தை எடுப்பார்கள், சிலர் உச்சியை எடுப்பார்கள். எதை எடுத்தாலும் தப்பில்லை. ஆனால் இரண்டு திசைக்கும் ஒரே இடத்தை எடுக்க வேண்டும். இது முதல் வருட மாணவருக்கே தெரிந்த சங்கதி.

என் வரைபடங்களையே வைத்துக்கொண்டு விளையாட்டாகக் கணக்குப் போட்டேன். அடிவாரத்துக்கு அடிவாரம் ஏழு. உச்சிக்கு உச்சி ஏழு. இணையான திசைக்கு உச்சியையும் குறுக்குத் திசைக்கு அடிவாரத்தையும் எடுத்தேன்.

முப்பத்தெட்டு.

ஊரே மேற்கோள் காட்டும் முப்பத்தெட்டு இவ்வளவுதான். ஒருவனை நாற்காலி மேல் ஏற்றி, இன்னொருவனைக் குழியில் இறக்கி, யார் உயரம் என்று அளந்திருக்கிறார்கள். ஆறு வருடமாக நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்ற எண் இது. கையைக் கழுவினேன், இரண்டு தடவை.

அக்டோபர் 18

கைடிடம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். ஆச்சரியப்படவே இல்லை.

"எங்க எடுக்கணும்னு சட்டமா போட்டிருக்கு? குறுக்குத் திசைல உச்சி தெளிவா இல்ல, அதனால அடிவாரம் எடுத்தாப்ல. அது ஒரு முடிவு."

"பேப்பர்ல அதை எழுதவே இல்லையே சார்."

 அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மாப்ளைக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல மங்கை. அந்த ஒரு பேப்பர வச்சுத்தான் எல்லாம். புள்ளத்தாச்சி வீட்ல இருக்கா. நீ வந்து பரிமாறுனியே, பாத்தேல்ல? உன்னையும் நான் மகளாத்தான் நெனைக்கிறேன். அதே முறைல நீயும் எடுத்துப் போட்டுரு. தீசிஸ் சினாப்சிஸ்ல நாளைக்கே கையெழுத்துப் போடுறேன்."

கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அவர் கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்தக் கண்ணீர்தான் அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, நான் மேசையிலிருந்த டிஷ்யூவை எடுத்து நீட்டியது.

அக்டோபர் 21

அம்மா போன். சித்தப்பா மகள் கல்யாணத்தில் எல்லோரும் "இன்னுமா படிக்கிறா?" என்று கேட்டார்களாம். "நீ என்ன பதில் சொன்ன?" என்றேன். "டிசம்பர்ல டாக்டர் ஆயிடுவான்னு சொல்லிட்டேன்டி, பொய்யாக்கிடாத" என்றாள்.

அக்டோபர் 24

இந்த வாரம் லேபுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் இல்லை.

அக்டோபர் 30

ஃபிர்தௌஸ் வந்து என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். திட்டிக்கொண்டேதான் வைத்தாள்.

"ஊருல அவனவன் கொலையே பண்ணிட்டுத் திரியிறான். நீ ஒரு எண்ணுக்காக வாழ்க்கைய தொலைக்கப் போறியா? வாங்கிட்டு வெளிய போ. போய் ஒரு வருஷம் கழிச்சு உன் பேர்ல ஏழுன்னு போடு. யார் தடுக்கப்போறா?"

இதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. வெளியே போன பிறகு சொல்லலாம். முதலில் வெளியே போக வேண்டும் அல்லவா?

நவம்பர் 4

மாற்றிவிட்டேன். நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. புள்ளிகள் எல்லாம் நான் அளந்த புள்ளிகள்தான். ஒரு கோட்டைக் கொஞ்சம் மேலே வைத்தேன், இன்னொன்றைக் கொஞ்சம் கீழே வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

கைடு கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, "நல்ல பொண்ணு" என்றார்.

நவம்பர் 12

டாக்டோரல் கமிட்டி முன்னால் என் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டிய நாள். வெளியூரிலிருந்து பத்மாசனி மேடம் வந்திருந்தார். தாழ்வெப்ப இயற்பியலில் பெரிய ஆள், கண்டிப்புக்குப் பேர் போனவர். நான் ஸ்லைடுகளைப் போட்டேன். குரல் நடுங்கவில்லை. அதுவே எனக்கு வெறுப்பாக இருந்தது. கைடு பின்வரிசையில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டு வந்த இடத்தில் மேடம் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம். இணையா வச்சதுக்கும் குறுக்க வச்சதுக்கும் ஒரே இடத்துலதானே எடுத்தீங்க? அடிவாரம்னா அடிவாரம், உச்சின்னா உச்சி?"

இந்த ஒரு கேள்வியைத்தான் யாராவது கேட்பார்களா என்று ஒரு மாதமாகக் காத்திருந்தேன். கேட்டார்.  கைடு தலையாட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"ஆமா மேடம்," என்றேன்.

"சுத்திப் பாத்துத்தான் இணையான கோணத்தைப் புடிச்சீங்களா?"

"ஆமா மேடம்." இது உண்மை.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அப்பாடா. ரொம்ப நாள் சந்தேகம் இன்னிக்குத் தீந்துது. எங்க லேப்ல பவதாரணின்னு ஒரு பொண்ணு இதே படிகத்தைத்தான் அளக்குறா. எங்ககிட்ட சுத்துற வசதி இல்ல. கையாலதான் நிமித்தி வச்சு ஒட்டணும். அவளுக்கு ஏழுதான் வருது. ரெண்டு வருஷமா ஏழு ஏழுன்னு ஒரே அடம். நீ சாய்ச்சு ஒட்டுறன்னு நான் திட்ட, அவ அழ, இப்படியே போகுது. இங்க வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன். போய் அந்த வேலைய தூக்கிப் போட்டுட்டு வேற தலைப்பு எடுக்கச் சொல்லிடுறேன். உங்க நம்பர அவளுக்குக் குடுக்கவா? எப்படி ஒட்டணும்னு சொல்லிக் குடுங்க."

"குடுங்க மேடம்," என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். கைடு மைசூர்பாகு வாங்கி வைத்திருந்தார். முதல் துண்டை என் வாயில் ஊட்ட வந்தார். வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

நவம்பர் 13

த்தூ.

நவம்பர் 15

தெரியாத நம்பர். எடுக்கவில்லை. ஃபிர்தௌஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "கடன்காரன் மாதிரி ஒளியிறியே" என்றாள்.

நவம்பர் 16

மத்தியானம் அதே நம்பர். எடுத்தேன்.

"அக்கா, நான் பவதாரணி பேசுறேன். பத்மாசனி மேடம் ஸ்டூடண்ட். வேலையா இருக்கீங்களா அக்கா? அப்புறம் கூப்புடட்டுமா?" சின்னக் குரல். மூக்கு அடைத்திருந்தது, அழுதிருப்பாள்.

"சொல்லும்மா."

"எப்படி ஒட்டுவீங்கன்னு கேக்கலாம்னுதான். நான் கண்ணாடித் துண்டை முட்டுக்குடுத்துத்தான் நிமித்துறேன். நாலஞ்சு விதமா ஒட்டிப் பாத்துட்டேன். ஏழு, ஏழரை, அதுக்கு மேல போகவே மாட்டேங்குது. கை சரியில்லையோன்னு தோணுது அக்கா. எங்க அப்பாவும் சொல்றாரு, உனக்கு இது வராது, பிஎட் பண்ணுன்னு. மேடம் திங்கக்கிழமை தலைப்பை மாத்தச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள ஒரே ஒரு தடவை சரியா ஒட்டிப் பாத்துட்டு விட்டுடலாம்னு..."

அவள் கையில் ஒரு குறையும் இல்லை. என்னிடம் சுற்றுகிற கருவி இருக்கிறது, என் கைதான் ஆகாது. இதை நினைத்ததும் மேலே ஏதோ ஒன்றைக் கொட்டிவிட்ட மாதிரி உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. வெளியே போன பிறகு சொல்லலாம் என்று ஒரு வருடக் கணக்குப் போட்டிருந்தேன். அந்த ஒரு வருடத்தில் இவள் எங்கேயோ பிஎட் படித்துக்கொண்டு, தனக்குக் கை வராது என்று நம்பிக்கொண்டிருப்பாள்.

"நீ சரியாத்தான் ஒட்டுற," என்றேன். "ஏழுதான் சரி. எனக்கும் ஏழுதான்."

 லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அக்கா? ஆனா நீங்க கமிட்டில முப்பத்தெட்டுன்னு..."

"ஒரு திசைக்கு உச்சியையும் இன்னொண்ணுக்கு அடிவாரத்தையும் எடுத்தா முப்பத்தெட்டு வரும். அப்படித்தான் எடுத்தேன். பழைய பேப்பர்ல வந்ததும் அப்படித்தான். நீயே உன் வரைபடத்துல போட்டுப் பாரு, வரும்."

அவள் அழ ஆரம்பித்தாள். சந்தோஷமா கோபமா தெரியவில்லை. நான் காத்திருந்தேன். பிறகு கேட்டாள்:

"இதை மேடம்கிட்ட சொல்லட்டுமா அக்கா?"

சொன்னால் கமிட்டி கூடும். என் சினாப்சிஸ் போகும். டிசம்பர் வரும். ஃபிர்தௌஸ் சொன்னது போலப் பதிவு ரத்தாகும். கைடு இன்னொரு தடவை கையெழுத்துப் போடுவார் என்று கனவுகூடக் காண முடியாது. இதையெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கெல்லாம் எனக்குச் சீக்கிரம் வரும்.

"சொல்லு," என்றேன். "ஆனா என் பேர் வேண்டாம்."

"பேர் இல்லாம சொன்னா யாரு நம்புவாங்க அக்கா? பேர் இல்லாமத்தானே நானும் ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்." குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்ன செய்வது என்று கேட்டாள்.

ஆறு வருடத்தில் எத்தனையோ பேர் மீது எனக்கு அருவருப்பு வந்திருக்கிறது. எச்சில் விரல், எண்ணெய்க் கை, கண்ணீர், மைசூர்பாகு. போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் என் மீது வந்த அருவருப்பு அதற்கெல்லாம் மேலே இருந்தது.

"சரி, பேரைச் சொல்லு. மங்கையர்க்கரசி. முழுசாச் சொல்லு, மங்கைன்னு சொல்லாத. மூல டேட்டா எல்லாத்தையும் இப்பவே உனக்கும் மேடத்துக்கும் அனுப்புறேன்."

அனுப்பினேன். சுற்றிய கோணங்கள் எல்லாவற்றையும், ஒரு புள்ளி விடாமல்.

நவம்பர் 18

மேடத்திடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: 'புதன்கிழமை நேரில் வருகிறேன், கருவியைத் தயாராக வையுங்கள்.' கோபமா, என்னவென்று தெரியவில்லை. பவதாரணியின் தலைப்பை மாற்றவில்லையாம். அவளே மெசேஜ் போட்டிருந்தாள்.

கைடு காலையிலிருந்து ஓயாமல் கூப்பிடுகிறார். குமரகுருவும். ஃபிர்தௌஸ் தலையில் அடித்துக்கொண்டு, "பைத்தியக்காரி, இப்ப என்னடி பண்ணப் போற?" என்றாள்.

புதன்கிழமைக்குப் புதிதாக ஒரு படிகம் ஒட்ட வேண்டும். வார்னிஷ் பாட்டிலைத் திறந்து வைத்திருக்கிறேன். போன் மறுபடி அடிக்கிறது. கம்பி ஒட்டும்போது மூச்சுவிட முடியாது, முடித்துவிட்டு எடுக்கிறேன்.